மெய்யழகனில் போன அந்த 18 நிமிடம்

நீடாமங்கலத்துப் பெண் கேட்டது:

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்து நின்றே வளர்ந்தவள் நான். கேட் விழுந்ததும் பஸ்ஸில் இருப்பவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். கால் மணி நேரம் போனால் பக்கத்தில் இருப்பவரிடம் எந்த ஊர் என்று விசாரிப்பார்கள். கேட் திறப்பதற்குள் யார் வீட்டில் கல்யாணம், யாருக்கு என்ன உடம்பு என்பதுவரை பேசி முடித்திருப்பார்கள். 2024 செப்டம்பர் 27 அன்று 'மெய்யழகன்' வந்தபோது, எங்கள் ஊர் படத்தில் வருகிறது என்ற ஒரே காரணத்துக்காக அப்பாவைத் தஞ்சாவூருக்கு அழைத்துக்கொண்டு போனேன்.

அப்பாவுக்கு 78 வயது, மூட்டுவலி. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓரிடத்தில் உட்காரமாட்டார். ஓர இருக்கையாகப் பார்த்து டிக்கெட் எடுத்தேன். அவர் இடைவேளைக்குக்கூட எழுந்திருக்கவில்லை. 1996இல் தஞ்சாவூர் வீட்டை விட்டு வெளியேறிய அருள்மொழி, 22 வருடம் கழித்துத் தங்கை முறையுள்ள புவனாவின் கல்யாணத்துக்கு வருகிறார். பேர்கூட நினைவுக்கு வராத ஓர் உறவுக்காரப் பையன் 'அத்தான், அத்தான்' என்று ஒட்டிக்கொள்கிறான். அந்தக் குடும்பம் விட்டுச்சென்ற பழைய சைக்கிள்தான் தன்னைத் தூக்கிவிட்டது என்று அவன் சொல்லும் இடத்தில் அப்பா இருக்கையின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டார். எங்கள் குடும்பத்திலும் 1989இல் பாகப்பிரிவினை நடந்தது. படம் முடிந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நம் சைக்கிளை அன்றைக்கு யாரிடம் விட்டுவிட்டு வந்தோம்?"

பத்து நாள் கழித்து மன்னார்குடிப் பெரியம்மாவோடு மறுபடி போனேன். அதற்குள் படம் நீளம் என்ற பேச்சுக் கிளம்பி, இயக்குநர் பிரேம்குமாரே ஏறத்தாழ 18 நிமிடத்தை எடுத்துவிட்டிருந்தார். இரவில் இருவரும் உட்கார்ந்து பேசும் இடம் மெலிந்து போயிருந்தது. முதல் முறை பார்க்கும் பெரியம்மாவுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. அந்தப் பையன் விடிய விடியப் பேசினால்தானே, பேர் தெரியாத வெட்கத்தில் அருள் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போவது நெஞ்சை அறுக்கும்? பேச்சு குறைந்த பிறகு, ஏதோ அவசர வேலைக்குப் போகிறவர் போலத் தெரிந்தார்.

அதற்கு ஒரு மாதம் முன்பு, ஆகஸ்ட் 23 அன்று, 'கொட்டுக்காளி'யும் 'வாழை'யும் ஒரே நாளில் வெளியாகின. 'கொட்டுக்காளி'யை இருபது பேர் இருந்த அரங்கில் பார்த்தேன். பின்னணி இசையே கிடையாது. ஆட்டோவின் இரைச்சல், காற்று, கால் கட்டப்பட்ட சேவல், தொண்டையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு கரகரத்த குரலில் பேசும் பாண்டியாகச் சூரி, வாய் திறக்காமல் அத்தனை பேரையும் எதிர்த்து உட்கார்ந்திருக்கும் அன்னா பென். படம் முடிந்து விளக்குப் போட்டதும் பின்வரிசையில் ஒருவர், "அவ்வளவுதானா?" என்று கோபமாகக் கேட்டார். எனக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை. பாண்டி அடுத்து என்ன செய்வான் என்பதை இயக்குநர் வினோத்ராஜ் சொல்லியிருந்தால் நான் வீட்டுக்கு வந்து தூங்கியிருப்பேன். அன்று தூங்கவில்லை.

எல்லாரும் கொண்டாடிய 'மகாராஜா' எனக்கு ஒப்பவில்லை. காலத்தை முன்பின்னாக மாற்றி அடுக்கிய திறமையை மறுக்கமாட்டேன். ஆனால் ஒரு மகளின் வலியைக் கடைசித் திருப்பத்துக்காகப் பூட்டி வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 'அமரன்' சாய் பல்லவிக்காகப் பார்த்தேன், அது வீண்போகவில்லை.

என் கேள்வி இதுதான். வெளியான பிறகு, கூட்டம் நெளிகிறது என்பதற்காகப் படத்தைக் குறைப்பது சரியா? சமீபத்தில் பார்த்த படங்களில் எதன் நீளம் உங்களுக்குச் சரியாக இருந்தது, எது இடித்தது?

பழைய ஆபரேட்டர்:

அம்மா, 31 வருடம் புரொஜெக்டர் அறையில் நின்றவன் சொல்கிறேன். உங்கள் வருத்தம் நியாயம். ஆனால் எங்கள் பக்கத்துக் கணக்கையும் கேளுங்கள்.

மூன்று மணி நேரப் படம் என்றால் இடைவேளையும் சேர்த்து மூன்றே கால் ஆகிவிடும். ஒரு காட்சி முடிந்து அரங்கைப் பெருக்கி அடுத்த கூட்டத்தை உள்ளே விட வேண்டும். நாளுக்கு நான்கு காட்சி ஓட்டும் சிறிய ஊர் அரங்கில், ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போய் இரவுக் காட்சி ஒன்றே முக்காலுக்கு முடியும். சுற்றுக் கிராமத்து ஆட்கள் அந்த நேரத்தில் எந்த பஸ்ஸைப் பிடிப்பார்கள்? முதல் நாள் வந்த குடும்பம் மறுநாள் ஊருக்குள் சொல்வது, "படம் நன்றாக இருக்கிறது, ஆனால் வீடு வந்து சேர மணி மூன்றாகிவிட்டது" என்பதுதான். அதற்குப் பிறகு இரவுக் காட்சிக்குப் பெண்கள் வரமாட்டார்கள்.

பிலிம் சுருள் காலத்தில் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 18 நிமிடம் என்றால் 1,620 அடி. பெரிய ரீலே 2,000 அடிதான். அன்றைக்கு இதை யாரிடமும் கேட்காமல் நாங்களே செய்தோம். கடைசி பஸ் போய்விடும் என்று முதலாளி மேலே ஆள் அனுப்புவார், நான் ஒரு பாட்டை அப்படியே தாண்டிவிடுவேன். ஒரு முறை, தாண்டிய பாட்டுக்காகவே வந்திருந்த ஒரு வயதானவர் மாடிப்படி ஏறி வந்து, "தம்பி, அது என் மனைவிக்குப் பிடித்த பாட்டு" என்றார். அவர் தனியாகத்தான் வந்திருந்தார். அதற்குப் பிறகு முதலாளி எத்தனை தடவை திட்டினாலும் நான் பாட்டை வெட்டியதில்லை.

இப்போது படம் டிஜிட்டலாகப் பூட்டோடு வருகிறது. ஆபரேட்டரால் ஒரு நொடியைக்கூட எடுக்க முடியாது. குறைத்தால் எடுத்தவர்கள்தான் குறைக்க வேண்டும், தணிக்கைக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். அந்த வகையில், பெற்றவரே முடிவெடுத்தார் என்பதை நான் மரியாதையாகவே பார்க்கிறேன்.

ஏரல்காரன்:

அக்கா, எனக்கு 'வாழை'யைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். என் அம்மா பத்து வயதிலிருந்து வாழைத்தார் சுமந்தவர். தலையில் சும்மாடு, காலில் முழங்கால்வரை சேறு, உடம்பில் வாழைக்கறை. அந்தக் கறை எந்த சோப்புக்கும் போகாது. காய் சுமக்கப் போவதற்கென்றே ஒரு பழைய பாவாடையைத் தனியாக வைத்திருந்ததாகச் சொல்வார். படத்தில் அந்தப் பையன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது அம்மா தன் கழுத்தைத் தடவிக்கொண்டார். தடவுகிறோம் என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது.

பூங்கொடி டீச்சர் வரும் பகுதி நீளம் என்று நான் நினைத்தேன். வெளியே வந்து அம்மாவிடம் சொன்னேன். "அங்கேதான் எனக்கு மூச்சே வந்தது, அதையும் எடுத்துவிடச் சொல்கிறாயா?" என்று கேட்டார். பள்ளிக்கூடம் போகும் நாளும் சுமை தூக்கும் நாளும் மாறி மாறி வந்த பிள்ளைக்கு, பள்ளிக்கூடம் எவ்வளவு பெரியதாகத் தெரிந்திருக்கும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு தாருக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கேட்டதற்காக, தனி வண்டி கொடுக்காமல் லோடு மேலேயே ஆட்களை ஏற்றி அனுப்புகிறார்கள். பசியோடு வந்த பையன் சாவு வீட்டில் சோற்றில் கை வைக்கிறான். அந்தக் கடைசிக் கட்டத்தில் அரங்கில் யாரும் கைப்பேசியை எடுக்கவில்லை. அதை ஒரு நிமிடம் குறைத்திருந்தாலும் நான் மன்னித்திருக்கமாட்டேன்.

'லப்பர் பந்து'வும் சொல்ல வேண்டும். யசோதா டிராக்டரை மைதானத்துக்குள் ஓட்டிவந்து பிட்ச்சை உழுதுவிடும் காட்சிக்கு எங்கள் ஊர்ப் பெண்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டுக்குப் போன புருஷனைத் தேடிப்போன அனுபவம் அத்தனை பேருக்கும் இருக்கிறது.

வடமராட்சி:

நான் நீளத்தைப் பற்றிச் சொல்ல வரவில்லை. 'டூரிஸ்ட் ஃபேமிலி' இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான படம், ஒரு இடத்திலும் இழுக்கவில்லை. இலங்கையின் வல்வெட்டித்துறையிலிருந்து படகேறி இராமேஸ்வரத்தில் இறங்கும் குடும்பத்திடம், வாயைத் திறந்து உங்கள் பேச்சைப் பேசிவிடாதீர்கள் என்கிறார்கள். அந்த இடத்தில் எனக்கு அம்மாவின் நினைவு வந்துவிட்டது. 1991இல் சில மாதம் நாங்கள் சென்னையில் இருந்தோம். ரொட்டியை எங்கள் பேச்சில் பாண் என்போம். பாண் வேண்டும் என்று சொன்னால் எந்த ஊர் என்று தெரிந்துவிடும் என்று பயந்து, அம்மா கடையில் விரலால் காட்டித்தான் வாங்குவார். கடைக்காரர் அவரை வாய் பேச முடியாதவர் என்று நினைத்து மிச்சக் காசைக் கையில் எண்ணி எண்ணி வைப்பார்.

படத்தில் அந்தப் பயத்தை இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்திருக்கலாம். அயலவர்கள் மிக விரைவாக நல்லவர்கள் ஆகிவிடுகிறார்கள். அப்பா தர்மதாஸாக வரும் சசிகுமாரின் பேச்சில் அங்கங்கே மதுரை எட்டிப் பார்த்தது. சின்ன மகனாக வந்த பிள்ளை அரங்கையே தன் பக்கம் இழுத்துக்கொண்டது. ஆனாலும், பக்கத்து வீட்டு அம்மா இறந்ததும் தர்மதாஸ் வீடு வீடாகப் போய் ஆட்களைக் கூட்டி வரும் இடத்தில் நான் அழுதேன். எங்கள் ஊரில் செத்த வீட்டுக்கு அழைப்பு வேண்டியதில்லை, கேள்விப்பட்டதும் போய் நிற்பார்கள். அதை ஒரு சென்னைக் குடியிருப்பில் ஒருவர் செய்வதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது.

அக்கா, உங்கள் 18 நிமிடத்துக்கு என் பதில்: குறைத்தது பிழை. ஊரை விட்டு வந்தவனுக்கு ஓர் இரவுப் பேச்சு போதாது.

நீடாமங்கலத்துப் பெண்:

எல்லாருக்கும் நன்றி. ஆபரேட்டர் ஐயா, கடைசி பஸ்ஸை நான் நினைத்தே பார்க்கவில்லை. நான் பகல் காட்சிக்குப் போனவள். கிராமத்திலிருந்து வந்து, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இருட்டில் நடந்துபோன ஒரு பெண்ணிடம் அந்த 18 நிமிடத்துக்காக நான் வாதாட முடியாது. ஆனால் குறைத்ததை ஒரு பகல் காட்சியிலாவது முழுதாக ஓட்டியிருக்கலாம் என்பதில் மட்டும் விடமாட்டேன். அந்தப் பாட்டைத் தேடி வந்த பெரியவருக்கு மறுநாளாவது அதைப் போட்டுக் காட்டினீர்களா?

ஏரல் தம்பி, உன் அம்மா சொன்னதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

வடமராட்சி, உங்கள் அம்மா விரலால் காட்டி வாங்கிய பாண் என் மனதை விட்டுப் போகவில்லை. அந்தப் படத்தை நான் சிரித்துக்கொண்டே பார்த்துவிட்டு வந்துவிட்டேன், மறுபடி பார்க்கிறேன்.

சைக்கிள் விஷயம் கேட்பீர்கள் என்று சொல்லிவிடுகிறேன். பெரியம்மாவிடம் விசாரித்தேன். 1989இல் அது அவர்கள் வீட்டில்தான் நின்றதாம். பால் ஊற்ற வந்த பையன் கேட்டான் என்று கொடுத்துவிட்டார்களாம். அவன் பெயர் பெரியம்மாவுக்கு நினைவில்லை. அப்பா மட்டும் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.