உதிரிபாக வரி குறைந்தது, பில் குறையவில்லை: நெல்லையில் யார் மேல் தப்பு?

சமாதானபுரம் வாசி:

2025 செப்டம்பர் 22 முதல் வண்டி உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. போன வாரம் என் பழைய காருக்கு முன் பிரேக் பேடும் கிளட்ச் செட்டும் இரண்டு லோயர் ஆர்மும் மாற்ற வேண்டி வந்தது. மெக்கானிக் எழுதித் தந்த சீட்டோடு வண்ணார்பேட்டையில் மூன்று கடை ஏறி இறங்கினேன். என் மைத்துனரிடமும் இதே மாடல் கார்தான். ஜூலையில் அவர் இதே சாமான்கள் வாங்கிய பில் என் கையில் இருந்தது. மூன்று கடையிலும் ஜூலை விலைதான் சொன்னார்கள்.

வரி இல்லாமல் 1,000 ரூபாய் உள்ள சாமான் முன்பு 1,280, இப்போது 1,180. அந்த நூறு ரூபாய் யார் பையில் போகிறது? கேட்டால் "பழைய சரக்கு சார்" என்கிறார்கள். மக்களுக்கென்று குறைத்த வரியைக் கடைக்காரர் வைத்துக்கொள்வது அநியாயம்.

ஸ்பேர்ஸ் அண்ணாச்சி:

சார், ஜங்ஷன் பக்கம் 19 வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். உங்கள் கோபம் புரிகிறது, ஆனால் என் கணக்கையும் கேளுங்கள்.

நான் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிறேன். வருஷ விற்பனை ஒன்றரைக் கோடிக்குள் இருக்கும் கடைகளுக்கானது அது. விற்பனையில் 1 சதவீதம் கட்டினால் போதும். ஆனால் வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. மதுரையிலிருந்து சாமான் வரும்போது நான் கொடுத்த 28 சதவீதம் அப்படியே என் அடக்க விலையில் சேர்ந்துவிடும்.

செப்டம்பர் 21 ராத்திரி கடையில் இருந்த சரக்கு வரியோடு சேர்த்து 8 லட்சம். வரியைப் பிரித்தால் சாமான் 6,25,000. அதே சாமானை மறுநாள் வாங்கினால் 7,37,500-க்குக் கிடைக்கும். ஒரு ராத்திரியில் 62,500 ரூபாய் போயிற்று. இதை எனக்கு யாரும் திருப்பித் தரப்போவதில்லை. உடனே புது விலைக்கு விற்றால் என் கைக்காசிலிருந்து போகும். அதனால்தான் பழைய சரக்கு தீரும்வரை பழைய விலை.

2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது கீழ் இரண்டு தட்டும் தண்ணீருக்குள் போனது. மூன்றாம் நாள் ஷட்டரைத் தூக்கினால், பேரிங் பெட்டிகள் ஊறிப் பிரிந்து சேறும் கிரீஸும் ஒன்றாகக் கிடந்தன. பேரிங்கில் ஒரு தடவை மணல் ஏறினால் அது இரும்பு வியாபாரிக்குத்தான். அந்தக் கடனை இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறேன்.

மகாராஜநகர் கணக்கர்:

பத்துப் பதினைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். அண்ணாச்சி சொன்னது அவர் கடைக்குச் சரி, எல்லாக் கடைக்கும் சரியில்லை.

ரெகுலர் பதிவில் இருக்கும் கடை, வாங்கும்போது கட்டிய 28 சதவீதத்தைத் தன் கிரெடிட்டில், அதாவது பிறகு கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் கணக்கில், ஏற்கெனவே எடுத்திருக்கும். விகிதம் குறைந்ததால் அந்த கிரெடிட் அழியாது. விற்கும்போது 18 வாங்கினால், மிச்ச கிரெடிட்டை அடுத்தடுத்த விற்பனைக்குக் கழித்துக்கொள்ளலாம். பணமாகத் திரும்பி வராது, சில மாதம் முடங்கும், அவ்வளவுதான். நஷ்டம் இல்லை. ஆகவே ரெகுலர் கடை "பழைய சரக்கு" என்று சொல்லிப் பழைய விலை வாங்கினால் அது தப்பு.

எது எந்தக் கடை என்று பில்லைப் பார்த்தாலே தெரியும். வரியைத் தனியாகப் போட்டிருந்தால் ரெகுலர். காம்போசிஷன் கடை வரி வாங்கக் கூடாது. அதை பில்லின் தலையிலேயே எழுதியிருக்க வேண்டும், போர்டிலும் போட்டிருக்க வேண்டும். இன்னொன்று: என்ஜின் ஆயிலுக்கும் வேலைக்கூலிக்கும் முன்பே 18 சதவீதம்தான். மொத்த பில்லில் அந்தப் பகுதி குறையாது.

சமாதானபுரம் வாசி:

நன்றி. என் பில்லை எடுத்துப் பார்த்தேன். நான் சாமான் வாங்கிய கடை வரியைத் தனியாகப் போட்டிருக்கிறது, 18 சதவீதம் என்றே போட்டிருக்கிறது. அப்படியானால் சாமானின் அடிப்படை விலையை ஏற்றி, கடைசித் தொகையை ஜூலை கணக்குக்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள்.

அண்ணாச்சியிடமும் ஒன்று கேட்க வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு கம்பெனிகள் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை விலை ஏற்றினார்கள். அப்போது உங்கள் அலமாரியில் இருந்த பழைய சரக்கைப் பழைய விலைக்கா கொடுத்தீர்கள்? புது விலைப்பட்டியல் வந்த அன்றே புது விலைதானே? ஏறும்போது இல்லாத பழைய சரக்குக் கணக்கு, இறங்கும்போது மட்டும் எப்படி வருகிறது?

ஸ்பேர்ஸ் அண்ணாச்சி:

புது விலைக்குத்தான் விற்றேன், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் விற்ற காசில் அதே சாமானைத் திரும்ப வாங்க வேண்டும், அது புது விலைக்குத்தான் வரும். இப்போதும் அதே நியாயம் பேசினால் நான் குறைத்துத்தான் ஆக வேண்டும் என்பீர்கள். சரிதான். 62,500-ஐ எங்கிருந்து எடுப்பது என்பதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை.

வள்ளியூர் லோடுவண்டி:

வரிக் கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், டூப்ளிகேட்டைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. குட்டி யானை ஓட்டுகிறேன், களக்காட்டுப் பக்கமிருந்து வாழைத்தார் ஏற்றுவேன். ஆறு மாதத்துக்கு முன்பு ஒரு கடையில் ஒரிஜினல் என்று சொல்லி கிளட்ச் பிளேட் கொடுத்தார்கள். பெட்டி, ஸ்டிக்கர், முத்திரை எல்லாம் அச்சாக அப்படியே இருந்தது. நாலாவது வாரம், நாங்குநேரி தாண்டி ஒரு ஏற்றத்தில் வண்டி உறுமுகிறது, நகரவில்லை. கருகிய வாடை. கழற்றிப் பார்த்தால் லைனிங் ரிவெட்டோடு பிய்ந்து, விரலால் தொட்டாலே தூளாகக் கொட்டியது. நூற்றுப்பத்து தார் வெயிலில் நின்றது. பாதி தோல் கறுத்து, சந்தையில் பாதி விலைக்குப் போனது.

திரும்பக் கேட்கப் போனால், "பில் இருக்கா?" என்றார்கள். பில் வேண்டாம் என்றால் இருநூறு ரூபாய் குறைவு என்று சொன்னதே அவர்கள்தான்.

தச்சை மெக்கானிக்:

லோடுவண்டி அண்ணே, அந்த இருநூறு ரூபாயில்தான் டூப்ளிகேட் உள்ளே வருகிறது. சில மெக்கானிக்குகளும் இதற்கு உடந்தை, அதையும் சொல்லிவிடுகிறேன். கடையில் கமிஷன் கூடுதலாகக் கிடைக்கும் பெட்டியைத்தான் சீட்டில் எழுதுவார்கள்.

ஆனால் ஒரிஜினல் சாமானை வெளி மெக்கானிக்குக்குக் கிடைக்காமல் செய்தால் வேறு என்ன நடக்கும்? 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. காரணம் என்ன? உதிரிபாகத்தையும் பழுது பார்க்கும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கொடுக்காமல் அடைத்து வைத்திருந்தார்கள் என்பதுதான். பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. தச்சநல்லூரில் என் பட்டறையில் இன்றைக்கும் அதே கதை. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு இன்னும் மோசம். சென்சாரை மாற்றினால் போதாது, அதை வண்டியின் கம்ப்யூட்டருக்கு அறிமுகப்படுத்த வேண்டும். என் ஸ்கேனர் கோளாறு என்னவென்று காட்டும், கோடிங் பண்ணவிடாது. ஐந்து நிமிஷ வேலைக்கு வண்டியைக் கட்டி இழுத்து ஷோரூமுக்கு அனுப்புகிறேன்.

ஷோரூம் தம்பி:

அண்ணே, ஷோரூம் என்றால் பணம் கொட்டுகிற இடம் என்று எல்லோரும் நினைக்கிறீர்கள். புறவழிச்சாலையில் ஒரு ஷோரூமில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். இந்த 2025-ஆம் வருஷம் நடந்ததைச் சொல்கிறேன்.

நம் ஊரில் ஆடியில் யாரும் வண்டி எடுப்பதில்லை. ஆவணி பிறக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு நாங்கள் காத்திருப்போம். ஆகஸ்ட் 15, ஆடியின் கடைசி நாட்களில், வரி குறையப்போகிறது என்று பிரதமர் டெல்லி செங்கோட்டையில் அறிவித்தார். ஆவணி முதல் தேதியிலிருந்து போனில் ஒரே பேச்சுதான்: "தம்பி, வரி குறைஞ்சதும் எடுத்துக்கிடுதேன்." அதில் தப்பே இல்லை. 6 லட்சம் ரூபாய் பெட்ரோல் சின்னக் காருக்கு செஸ் என்ற கூடுதல் வரியோடு 29 சதவீதமாக இருந்தது 18 ஆனால் ஏறக்குறைய 51,000 குறைகிறது, யார்தான் காத்திருக்கமாட்டார்கள்? ஆனால் யார்டில் நின்ற ஒவ்வொரு வண்டியும் வங்கிக் கடனில் எடுத்தது. வட்டி ஆவணி, புரட்டாசி பார்ப்பதில்லை. முழு ஆவணியும் போனது. எனக்கு அடிப்படைச் சம்பளம் மட்டும், இன்சென்டிவ் ஒரு ரூபாய் இல்லை.

அதோடு, நின்ற வண்டிகளுக்கு ஏற்கெனவே கட்டிய செஸ் இருக்கிறது. அந்த கிரெடிட்டை செஸ்ஸுக்கு மட்டும்தான் கழிக்க முடியும். காருக்கு செஸ்ஸே இல்லை என்று ஆன பிறகு எதில் கழிப்பது? கணக்கர் அண்ணன் ரெகுலர் கடைக்கு நஷ்டம் இல்லை என்றார், எங்கள் முதலாளிக்கு இருக்கிறது. கம்பெனி ஊரை விட்டுப் போனாலும் டீலரைக் காப்பாற்றத் தனிச் சட்டம் கிடையாது. செவ்ரோலே விற்பனை 2017-ல் நின்றது, ஃபோர்டு 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. ஒவ்வொரு தடவையும் நாடு முழுக்க எத்தனை டீலர்கள் கட்டடத்தோடும் கடனோடும் நின்றார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

கோடிங் விஷயம்: ஏர்பேக், பிரேக் எல்லாம் அதே கம்ப்யூட்டரோடு பின்னியிருக்கிறது. யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்றால், நாளைக்கு ஏர்பேக் விரியவில்லை என்றால் யார் பொறுப்பு?

தச்சை மெக்கானிக்:

தம்பி, ஏர்பேக்கைத் தொட விடு என்று நான் கேட்கவில்லை. பயிற்சி கொடு, தேர்வு வை, பணம் வாங்கிக்கொண்டு சாப்ட்வேர் கொடு என்கிறேன். பாதுகாப்பு என்ற சொல்லை வைத்துக்கொண்டு டீசல் இன்ஜெக்டரையும் சேர்த்துப் பூட்டுகிறார்கள்.

உன் சம்பளக் கதை எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. விற்கிற நீயும் பழுது பார்க்கிற நானும் ஒரே மாதிரி மாட்டிக்கொண்டிருக்கிறோம். ஆனால் உங்கள் சர்வீஸ் பிரிவு, விற்பனையில் விட்டதை ஒர்க்‌ஷாப் பில்லில் பிடிக்கப் பார்க்கிறது. பிரேக் பேட் தேயாத வண்டிக்குப் பேட் மாற்றச் சொல்லி எஸ்டிமேட் போட்டு, அந்தத் தாளோடு என்னிடம் வந்தவர்கள் இந்த மாதம் மட்டும் மூன்று பேர்.

செகண்ட் ஹேண்ட் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2023 வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் இன்னும் கை மாறிக்கொண்டிருக்கின்றன. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். மேலே கழுவியிருப்பார்கள், உள்ளே சுருண்டிருக்கும் துணியில் சேற்றுக் கோடு அப்படியே இருக்கும். டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு ஒரு ஒயரிங் கப்ளரைக் கழற்றினால் உள்ளே இருக்கும் உலோகப் பின்களில் பச்சை பூத்திருக்கும். அந்த வண்டியை எடுக்காதீர்கள்.

சமாதானபுரம் வாசி:

எல்லோருடைய கஷ்டத்தையும் படித்தேன். வெள்ளத்தில் சரக்கை இழந்த அண்ணாச்சியைத் திருடன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அந்த அளவுக்கு என் முதல் பதிவைத் திருத்திக்கொள்கிறேன். ஆனால் நான் வாங்கிய கடை காம்போசிஷன் இல்லை. அதற்குக் காரணம் சொல்ல யாரும் வரவில்லை. இந்த வியாபாரத்தின் பெரிய கஷ்டமே வாடிக்கையாளரின் நம்பிக்கை போனதுதான் என்று நினைக்கிறேன். தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் பேட்டரி கார் ஆலை 2025 ஆகஸ்ட் மாதம் திறந்தாகிவிட்டது. பேட்டரி கார் ஊருக்குள் நிறைய வந்தால் நான் மாறிவிடுவேன். கிளட்ச் இல்லை, பிளக் இல்லை, டைமிங் செயின் இல்லை, இந்த அலைச்சலும் இல்லை.

ஸ்பேர்ஸ் அண்ணாச்சி:

பிரேக் பேடும் புஷ்ஷும் வீல் பேரிங்கும் அதிலும் உண்டு சார், அப்போதும் ஒரு கடைக்குத்தான் வருவீர்கள். ஆனால் நீங்கள் சொல்வது என் வயிற்றில் நெருப்புதான். என் விற்பனையில் பாதிக்கு மேல் கிளட்சும் என்ஜின் சாமானும். மகன் கடைக்கு வருகிறேன் என்கிறான், வா என்று சொல்லத் தைரியம் வரவில்லை.

நேற்று ராத்திரி ஒரு முடிவெடுத்தேன். வேகமாகப் போகும் பிரேக் பேட், கிளட்ச், ஃபேன் பெல்ட் மூன்றுக்கும் இன்று முதல் புது விலை. நஷ்டத்தை வேகமாகச் சுற்றும் சரக்கில்தான் தாங்க முடியும். வருஷத்துக்கு ஒன்று விற்கும் சாமானுக்குப் பழைய விலைதான், அதையும் கேட்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன்.

மகாராஜநகர் கணக்கர்:

அண்ணாச்சி, அடுத்த நிதியாண்டில் ரெகுலருக்கு மாறுவதைப் பற்றி யோசியுங்கள். மாறும் நாளில் கையில் இருக்கும் சரக்குக்கு, பில் இருந்தால், வரிக் கிரெடிட் எடுக்க வழி இருக்கிறது. மதுரை பில் ஒன்றையும் தொலைத்துவிடாதீர்கள்.

வள்ளியூர் லோடுவண்டி:

அண்ணாச்சி, உங்கள் கடையில் குட்டி யானைக்கு கிளட்ச் செட் இருக்கிறதா? பில்லோடுதான் வேண்டும்.

ஸ்பேர்ஸ் அண்ணாச்சி:

இருக்கிறது தம்பி. புது வரியில் வந்த பெட்டி, பில்லோடு தருகிறேன். வரும்போது கழற்றிய பழைய பிளேட்டைக் கொண்டு வாருங்கள், நடுவில் இருக்கும் பல்லை எண்ணி ஒத்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன். காலை ஒன்பதரைக்குக் கடை திறப்பேன்.