மிருக வைத்திய உதவியாளர் பயிற்சி: கலைப்பிரிவில் படித்தவர்களை எடுப்பார்களா?

லிந்துலை மகள்:
எல்லாருக்கும் வணக்கம். லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன், ஏ.எல் (உயர்தரம்) கலைப்பிரிவில் செய்தேன், ஓ.எல்லில் (சாதாரண தரம்) விஞ்ஞானத்துக்கு எஸ்தான், அதாவது சாதாரண சித்திதான் வந்தது. வீட்டில் இரண்டு கறவை மாடு இருக்கிறது. அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கப் போய்விடுவதால் புல் அறுப்பது, பால் கறப்பது, கொட்டில் கழுவுவது எல்லாம் நான்தான். மிருக வைத்திய உதவியாளராகப் பயிற்சி எடுக்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. கண்டியில் ஒரு தனியார் நிறுவனம் விண்ணப்பம் கேட்டிருக்கிறது, நேர்முகத் தேர்வும் உண்டாம், அதற்கு முன்னாலேயே முற்பணம் கட்டச் சொல்கிறார்கள். என்னை எடுப்பார்களா, என்ன கேட்பார்கள்? இல்லாவிட்டால் குண்டசாலைக்கே முயற்சி செய்யலாமா? சிங்களம் நன்றாகப் பேசுவேன், எழுதத்தான் தடுமாற்றம்.

கிளினிக் அக்கா:
தங்கச்சி, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். குண்டசாலையில் இருப்பது கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் கால்நடை வளர்ப்புப் பாடசாலை, அது டிப்ளோமா வழி, என்னென்ன பாடம் கேட்கிறார்கள் என்பதை அவர்களுடைய அறிவித்தலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். உதவியாளர் வேலை வேறு. மருந்து எழுதுவதும் ஒப்பரேஷன் செய்வதும் டொக்டர்தான். நாங்கள் மிருகத்தைப் பிடிப்போம், காய்ச்சல் பார்ப்போம், கருவிகளைக் கழுவி அவித்து வைப்போம், கூடு துப்புரவாக்குவோம், பதிவு எழுதுவோம்.

நான் இருக்கும் இடத்தில் ஆள் எடுக்கும்போது டொக்டர் மார்க்ஸைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. நாய் வாந்தி எடுத்தால் அள்ளுவாயா, இரவில் நிற்க வீட்டில் விடுவார்களா, கண் முன்னால் ஒரு மிருகம் செத்தால் அதற்கடுத்த மிருகத்தைப் பிடிக்கக் கை வருமா, இதைத்தான் கேட்பார். அப்புறம் உள்ளே கூட்டிப்போய் ஒரு நாயைப் பிடிக்கச் சொல்வார். ஒரு கையைக் கழுத்துக்குக் கீழே கொடுத்துத் தலையை உங்கள் தோளோடு அணைத்துக்கொள்ள வேண்டும், மற்றக் கையால் முன்னங்காலை முழங்கைக்குப் பின்னாலிருந்து முன்னே நீட்டி, பெருவிரலால் மேலே அழுத்திக் கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திருப்பினால் நரம்பு புடைத்து வரும், டொக்டர் ஊசி ஏற்றுவார். முதல் நாளே யாருக்கும் சரியாக வராது, அவர் பார்ப்பது நீங்கள் பதறுகிறீர்களா என்பதைத்தான். மாட்டோடு வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் பதற்றம் பாதி குறைவு.

பட்டிப்பொல அண்ணன்:
தங்கச்சி, வீட்டு மாடு இரண்டுமே உங்களுக்குத் தகுதிதான், ஆனால் அதைக் காகிதத்தில் காட்ட வேண்டும். இன்றைக்கே ஒரு கொப்பி எடுங்கள். மாடு என்றைக்குச் சினைக்குக் கத்தியது, என்றைக்குச் சினை ஊசி போட்டது, சினை பிடிக்காமல் 21 நாளில் திரும்பக் கத்தியதா, எத்தனை லீட்டர் கறந்தது, எல்லாவற்றையும் எழுதுங்கள். காலையில் கத்தினால் பின்னேரம் ஊசி என்று ஏன் சொல்கிறார்கள் என்று கேட்டால் விளக்கத் தெரிய வேண்டும். கறக்கும் முன்னால் முதல் இரண்டு மூன்று பீச்சலைக் கறுப்புத் துணியில் பீச்சிப் பாருங்கள், திரித்திரியாக வந்தால் மடி நோய். நேர்முகத்தில் இதையெல்லாம் சொல்கிற பிள்ளையைச் சும்மா அனுப்ப மனம் வராது.

இன்னொன்று, உங்கள் பகுதி அரச மிருக வைத்திய அலுவலகத்துக்கு நேரே போய், கால் வாய் நோய்த் தடுப்பூசி போட வெளியே போகும்போது கூட வரட்டுமா என்று கேளுங்கள். மாட்டைப் பிடிக்க ஆள் தேவைப்படுகிற வேலை அது. கொஞ்ச நாள் போய்வந்தால் டொக்டரிடம் ஒரு கடிதம் வாங்கலாம், அந்தக் கடிதம் உங்கள் எஸ்ஸைவிடப் பெரிய விஷயம்.

ஹட்டன் ரவி:
பணம் கட்ட முதல் நில்லுங்கள். அந்த நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்ததா, இந்தப் பாடநெறிக்கு என்.வி.கியூ (தேசிய தொழில் தகைமை) உண்டா, எத்தனையாம் மட்டம், இதையெல்லாம் எழுத்தில் கேளுங்கள். பதிவு இலக்கத்தை ஆணைக்குழுவிலேயே சரிபார்க்கலாம். என் மச்சாள் ஒருத்தி வேறொரு இடத்தில் நகையை அடகு வைத்துக் கட்டிப் படித்தாள், கடைசியில் கொடுத்தது வெறும் வரவுச் சான்றிதழ், எங்கேயும் எடுபடவில்லை. எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளிடம் இப்படிப் பணம் பிடுங்குவதைப் பார்க்க வயிறு எரிகிறது.

பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் ஓ.எல் பெறுபேற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். அப்பா பெயர் சிங்களத்தில் ஒரு மாதிரியும் தமிழில் வேறு மாதிரியும் பதிந்திருப்பது நம் பக்கம் சாதாரணம், திருத்த நாள் எடுக்கும். கடிதத்துக்கு லய விலாசம் மட்டும் கொடுக்காதீர்கள். தோட்ட ஆபீஸில் கிடந்து நேர்முகத் திகதி முடிந்த பிறகு கைக்கு வரும். டவுனில் தெரிந்த கடை விலாசமும் போன் நம்பரும் சேர்த்துக் கொடுங்கள்.

லிந்துலை மகள்:
ரொம்ப நன்றி. பெயர் பார்த்தேன், ஓ.எல் பெறுபேற்றில் ஓர் எழுத்து வித்தியாசம் இருக்கிறது, திங்கட்கிழமை பிரதேச செயலகத்துக்குப் போய்க் கேட்கிறேன். மாடென்றால் பயமில்லை, நாய் கடித்துவிடுமோ என்றுதான் அம்மா பயப்படுகிறார்.

கிளினிக் அக்கா:
அம்மா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. விசர்நாய்க்கடித் தடுப்பூசியை வேலை தொடங்கும் முன்பே போட்டுக்கொள்ளலாம், பயிற்சியில் சேரும்போது அது உண்டா என்று நீங்களே கேளுங்கள். கடி பட்டால் உடனே சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ஊசி முன்பே போட்டிருந்தாலும் போகத்தான் வேண்டும். சிங்களத்தில் எழுத, மாட்டுக் கொப்பியையே ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் சிங்களத்திலும் எழுதிப் பழகுங்கள். பெயர் திருத்தம் என்ன ஆனது என்று இங்கேயே எழுதுங்கள், தங்கச்சி.