செகண்ட் அப்பீலில் சாட்சியத்தைப் பார்க்கவே மாட்டார்களா?

வரப்புக்காரன்:
எங்களுடையது வரப்புத் தகராறு. முன்சீப் கோர்ட்டில் ஜெயித்தோம். எதிர்த்தரப்பு அப்பீல் போக, சப் கோர்ட் தீர்ப்பைத் திருப்பிப் போட்டது. உயர் நீதிமன்றத்துக்குப் போனால், சட்டக் கேள்வி எதுவும் எழவில்லை என்று அனுமதி நிலையிலேயே தள்ளுபடி. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கோர்ட் நியமித்த வக்கீலான அட்வகேட் கமிஷனர் நேரில் வந்து அளந்து, எல்லைக்கல் இருக்கும் இடத்தைச் சிவப்பு மையில் குறித்த வரைபடம் கேஸ் கட்டிலேயே கிடக்கிறது. வேறு சாதிப் பெண்ணைக் கல்யாணம் செய்ததற்காக வெட்டிக் கொல்லப்பட்ட உடுமலை சங்கர் கொலை வழக்கில் மட்டும் சென்னை உயர் நீதிமன்றம் சாட்சியத்தை முதலிலிருந்து அலசியதே? கொலைக்கு ஒரு நியாயம், வரப்புக்கு ஒரு நியாயமா?

கறுப்பு கவுன்:
ஒப்பீடே தப்பு. அந்த வழக்கில் 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் 6 பேருக்குத் தூக்கு விதித்தது. உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் யாரையும் தூக்கில் போட முடியாது. தவிர, அவர்களுக்கு அதுதான் முதல் அப்பீல். உங்கள் முதல் அப்பீல் சப் கோர்ட்டிலேயே முடிந்துவிட்டது. சிவில் வழக்கில் சாட்சியத்தை அலசும் கடைசி இடம் பெரும்பாலும் அதுதான். அதற்கு மேலே செகண்ட் அப்பீல் போக, சிவில் நடைமுறைச் சட்டம் 100ஆவது பிரிவு. 1976 திருத்தத்துக்குப் பிறகு, முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் கதவு திறக்கும்.

நெல்லைக்காரி:
அலசி என்ன ஆனது? 2020 ஜூனில் பெண்ணின் அப்பா விடுதலை. மற்ற ஐந்து பேருக்கும் தூக்கு ஆயுளாகக் குறைந்தது. கூண்டில் நின்ற சாட்சியின் முகத்தைப் பார்த்தவர் விசாரணை நீதிபதி. மேலே உள்ளவர்கள் பார்த்தது டைப் அடித்த வாக்குமூலத்தை. நேரில் பார்த்தவர் சொன்னதற்கு மதிப்பு கிடையாதா?

கறுப்பு கவுன்:
உண்டு. கீழே ஒருவரை விடுதலை செய்திருந்தால், அந்த முடிவுக்கும் இடமிருக்கிறது என்கிற வரை மேல் கோர்ட் பொதுவாகக் கை வைக்காது. இதே வழக்கில் அம்மாவின் விடுதலை அப்படியே நின்றது. அப்பா மேல் இருந்தது கூட்டுச்சதிக் குற்றச்சாட்டு. சாட்சியின் முகத்தைப் பார்த்துச் சதியைக் கண்டுபிடிக்க முடியாது அக்கா, சங்கிலி அறாமல் ஆதாரம் வேண்டும்.

நெல்லைக்காரி:
சதி செய்கிறவன் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டா செய்வான்? நீங்கள் கேட்கிற சங்கிலி எந்த ஆணவக் கொலையிலும் கிடைக்காது.

கறுப்பு கவுன்:
சந்தேகம் இருந்தால் அதன் பலன் குற்றவாளிக் கூண்டில் நிற்பவருக்குத்தான். உங்களுக்குப் பிடிக்காது, தெரியும்.

வரப்புக்காரன் அண்ணே, சப் கோர்ட் தீர்ப்பில் கமிஷனர் அறிக்கையைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா? முக்கியமான ஆதாரத்தைக் கண்டுகொள்ளாமல் தீர்ப்பு எழுதினால் அதுவே சட்டக் கேள்வி ஆகும். அதை அப்பீல் மெமோவில் எழுப்பினீர்களா?

வரப்புக்காரன்:
இப்போதுதான் கட்டைப் பிரித்தேன். தீர்ப்பில் அந்த அறிக்கையைப் பற்றிப் பேச்சே இல்லை. மெமோவில் ஏழு கேள்வி, ஏழும் பட்டாவும் அனுபவ பாத்தியமும்தான். கமிஷனர் என்ற சொல்லே காணோம். அது சரி, வக்கீல் எழுத மறந்தால் கல் இடம் மாறிவிடுமா?

கறுப்பு கவுன்:
மாறாது. மெமோவில் இல்லாவிட்டாலும் நீதிபதியே கேள்வியை வகுக்கலாம், ஆனால் யாராவது எடுத்துச் சொன்னால்தானே? உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்து எத்தனை நாள் ஆகிறது? உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு போட 90 நாள்தான்.

வரப்புக்காரன்:
இன்றோடு 84.