செஞ்சது முதல்ல, காரணம் பின்னாடி: உங்களுக்கு நடந்திருக்கா?

ஒத்தக்கடைக்காரன்:
மூணு வாரமாச்சு, இன்னும் தூக்கத்துல வருது. மாட்டுத்தாவணியில ரெண்டு கிலோ மல்லி வாங்கி பைக் டேங்க் மேல வெச்சுக்கிட்டு மேலூர் ரோட்டுல வந்தேன். முன்னால போன மினி லாரி சட்டுனு இடப்பக்கம் ஒடிச்சுது. பிரேக் அடிச்சது, சாய்ச்சது, மண்ணுல இறக்கி நிறுத்துனது எல்லாம் கை தானா செஞ்சது. அந்த நேரம் பயமே இல்ல, சத்தியமா. பக்கத்துல டீக்கடை. "உக்காருங்கண்ணே"ன்னு மாஸ்டர் கிளாஸைக் கையில கொடுத்தார். டீ தளும்பி விரல்ல கொட்டுச்சு. என் கை நடுங்குறதை என் கண்ணால பார்த்தேன். அப்பத்தான் பயம் வந்துச்சு. பிள்ளைக ரெண்டு பேர் முகமும் அப்பத்தான் வந்துச்சு.

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1884ல எழுதுனது இதுதானே? பயந்து நடுங்கல, நடுங்குறதாலதான் பயப்படுறோம்னு. மறு வருஷமே டென்மார்க்ல கார்ல் லாங்கேங்கற டாக்டரும் கிட்டத்தட்ட அதையே சொன்னார். படிச்சப்ப தலைகீழா இருக்கேன்னு தோணுச்சு, இப்பத் தோணல. இப்படி நடந்தவங்க எழுதுங்க.

வடகரை வாசி:
அண்ணே, நல்லவேளை தப்பிச்சீங்க. ஆனா ஜேம்ஸோட நிறுத்திடாதீங்க. 1927லயே வால்டர் கேனன்னு ஒரு அமெரிக்க உடலியல் விஞ்ஞானி இதை மறுத்துட்டார். காய்ச்சல்லயும் நெஞ்சு படபடக்குது, கோபத்துலயும் படபடக்குது, அப்புறம் படபடப்பை வெச்சு எது பயம்னு எப்படிப் பிரிக்கிறது? குடலும் இரைப்பையும் மெதுவா மாறுற உறுப்புக, உணர்ச்சி அதுக்கு முன்னாடியே வந்துடுது. உடம்புலேருந்து வர்ற அந்த நரம்புத் தொடர்பை அறுத்த பூனைகளும் சீறத்தான் செஞ்சுதுக. மூளையிலேருந்து உடம்புக்கும் மனசுக்கும் ஒரே சமயத்துல தகவல் போகுதுங்கறது அவர் கட்சி.

என் அனுபவம் சின்னது. அழகர்மலையில ராக்காயி அம்மன் கோயிலுக்கு ஏறும்போது பாம்பு. அலறலும் பயமும் ஒண்ணாத்தான் வந்துச்சு, முன்னே பின்னே இல்ல.

இன்னொண்ணு, தப்பா நினைக்காதீங்க. டேங்க் மேல மூட்டை வெச்சா ஹேண்டில் முழுசாத் திரும்பாது. பின் சீட்டுல கயிறு போட்டுக் கட்டுங்க. இருட்டுற நேரத்துல லாரிக்குப் பின்னால ஒட்டிப் போகாதீங்க. நடுக்கம் நின்னு பத்து நிமிஷம் ஆகாம வண்டி எடுக்காதீங்க.

தல்லாகுளத்து அம்மா:
ரெண்டு பேரும் முன்னே பின்னேன்னு பேசுறீங்க. எனக்கு நடந்தது வேற. அழகர் ஆத்துல இறங்குற அன்னைக்கு, விடியுற நேரம், கூட்டத்துல ஆறு வயசுப் பையன் கை நழுவிடுச்சு. எவ்வளவு நேரம் தேடினேனோ தெரியாது, குரல் கட்டிப்போச்சு. கடைசியில ஒரு பெரியவர் பக்கத்துல நிக்கிறான். அவர் சொம்புச் சர்க்கரையில கொஞ்சம் கொடுத்திருக்கார், வாயெல்லாம் சர்க்கரை. ஓடிப்போய் கட்டிப்பிடிச்சிருக்கணும்ல? கன்னத்துல ஓங்கி அறைஞ்சேன். என் உள்ளங்கையில சர்க்கரை ஒட்டியிருந்துச்சு.

ஷாக்டர், சிங்கர்னு ரெண்டு உளவியல்காரங்க 1962ல சோதனைக்கு வந்தவங்களுக்கு வைட்டமின் ஊசின்னு சொல்லி, நெஞ்சைப் படபடக்க வைக்கிற அட்ரினலின் போட்டாங்களே, அதைப் படிச்சப்ப இந்தக் கைதான் ஞாபகம் வந்துச்சு. ஊசி என்ன செய்யும்னு சொல்லாம விட்டவங்க, பக்கத்துல ஆள் குதூகலமா நடிச்சா அந்தப் பக்கமும், கோபமா நடிச்சா இந்தப் பக்கமும் சாய்ஞ்சாங்கன்னு எழுதியிருந்தாங்க. பின்னாடி செஞ்சு பார்த்தவங்களுக்கு அதே முடிவு அப்படியே கிடைக்கலன்னும் தெரியும். ஆனா பயத்துல ஏறின படபடப்பு இறங்காமலே கோபத்துக்குள்ள போய்ச் சேரும்னு டால்ஃப் ஜில்மன்னு இன்னொரு ஆய்வாளர் சொன்னாரே, அது எனக்குச் சத்தியம். பையனுக்கு இப்ப பதினாலு. "அன்னைக்கு ஏம்மா அடிச்ச?"ன்னு இன்னும் கேக்குறான்.

திருமங்கலம் தமிழய்யா:
அம்மா, தொல்காப்பியர் இதற்கு மெய்ப்பாடு என்றே பெயர் வைத்தார். மெய்யில் படுவது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு. அச்சமும் வெகுளியும் அங்கே தனித்தனி; உங்கள் கையில் இரண்டும் ஒன்றாக இருந்திருக்கின்றன.

என் தந்தை இறந்து பதினாறாம் நாள் வரை நான் அழவில்லை. ரேஷன் கடையில் கார்டை நீட்டி, "ஒரு பேரு நீக்கணும்" என்றேன். "பேரு" என்ற இடத்தில் குரல் உடைந்தது. அதைக் கேட்ட பிறகுதான் எனக்குத் துக்கம் என்று தெரிந்தது.

ஆரப்பாளையத்து அப்பா:
பயம் பத்தி இல்ல, ஆசை பத்தி. எழுதலாம்ல?

மார்கழியில என் மக விடியுமுன்னே தானே எந்திரிச்சுப் புள்ளி வைப்பா. சந்தோஷத்துல, ஒரு கோலத்துக்குப் பத்து ரூபான்னு நான்தான் ஆரம்பிச்சேன். முதல் வாரம் பெருசு பெருசாப் போட்டா. அப்புறம் சின்னது. தை பொறந்ததும் காசை நிறுத்துனேன். ஒரு நாள் கோலப்பொடி டப்பாவைக் கையில வெச்சுக்கிட்டு நின்னா: "இன்னைக்கு எவ்வளவுப்பா?" ஒண்ணும் இல்லம்மான்னேன். டப்பாவை மூடி அலமாரியில வெச்சுட்டா. அந்த மூடிச் சத்தம் இன்னும் காதுல இருக்கு.

1973ல லெப்பர், கிரீன், நிஸ்பெட்னு உளவியல்காரங்க மூணு பேரும் நர்சரிப் பிள்ளைககிட்ட இதையே பார்த்திருக்காங்க. படம் வரைஞ்சா பரிசுன்னு முன்கூட்டிச் சொல்லப்பட்ட பிள்ளைக, அப்புறம் சும்மா விட்டப்ப மத்தவங்க வரைஞ்சதுல பாதி நேரம்தான் வரைஞ்சாங்க. "எதுக்கு வரையறேன்? பரிசுக்கு"ன்னு மனசு காரணத்தை மாத்தி எழுதிக்குதாம். என் பிள்ளை காரணத்தை நான் மாத்திட்டேன்.

சுங்குடி முடிச்சுக்காரி:
அண்ணே, வருத்தம் புரியுது. ஆனா காசு வாங்குனா ஆசை செத்துடும்னு பொத்தாம்பொதுவா எழுதாதீங்க. இருபத்திரண்டு வருஷமாச் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுறேன், பீஸ் கணக்குக் கூலி. சாயம் காஞ்சு நூலைப் பிரிக்கும்போது புள்ளி வெள்ளையா பூத்து வரும். அத்தனை வருஷமாகியும் அந்த நிமிஷத்துக்கு வேற யாரையும் விடமாட்டேன், நானே பிரிப்பேன்.

நீங்க சொன்ன சோதனையிலயே இன்னொரு கூட்டம் உண்டு. பரிசு வரும்னு தெரியாம வரைஞ்சு, முடிச்சபிறகு வாங்கின பிள்ளைக. அவங்க ஆசை குறையல. காசு இல்ல, பேரம்தான் கெடுத்தது. எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன்னு ரெண்டு உளவியல்காரங்க சொல்றதும் இதுதான்: நம்ம இஷ்டத்துல செய்யறோம், நமக்குக் கைவருது, நம்மளச் சேர்ந்தவங்க இருக்காங்கங்கற மூணும் நிறைஞ்சா உள்ளாசை நிக்கும். என் முதலாளி ஒருத்தர் புள்ளிக்குப் புள்ளி பின்னால நின்னு எண்ணுவார். அந்த ரெண்டு வருஷம் மட்டும்தான் எனக்கு முடிச்சு கசந்துச்சு. கூலி அப்பவும் அதே கூலிதான்.

பாப்பாகிட்ட கோலம் போடச் சொல்லாதீங்க. பாராட்டவும் வேணாம். நீங்க உக்காந்து போடுங்க. கோணலா வரட்டும், பரவாயில்ல. புள்ளி வரிசை தெரியலன்னா அவகிட்டயே கேளுங்க. பக்கத்துல அவளுக்கு இடம் விட்டு உக்காருங்க. அவசரப்படாதீங்க, ஒரு மாசம் கூட ஆகலாம்.

ஆரப்பாளையத்து அப்பா:
அக்கா, நாலு நாளாப் போடுறேன். ஏழு புள்ளி நேர்வரிசையே எனக்கு வளைஞ்சு போகுது. இன்னைக்கு வாசப்படியில நின்னு பார்த்தா. ஒண்ணும் சொல்லல. நான் உள்ள போய்த் திரும்பி வந்தப்ப மூணாவது வரிசையில ரெண்டு புள்ளி அழிச்சுச் சரியா வெச்சிருந்துச்சு.