ஃபாயில் அச்சில் ஸ்கிரிப்ட் எழுத்து அறுந்துபோகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி
கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் பெயர் ஆங்கிலத்தில், எட்வர்டியன் ஸ்கிரிப்ட் (கையெழுத்துபோல் எழுத்துகள் சேர்ந்து வரும் எழுத்துரு), 22 பாயிண்ட். திரையில் அழகாக இருக்கிறது. தங்க ஃபாயில் (தங்க நிற மென்தகட்டை அழுத்தி ஒட்டும் அச்சு) மாதிரியில் எழுத்தும் எழுத்தும் சேரும் இடமெல்லாம் அறுந்துவிட்டது. போல்டு போட்டால் ஆங்கிலச் சின்ன 'e'யின் கண் (உள்ளே இருக்கும் வெற்றிடம்) அடைத்துக்கொள்கிறது. எழுத்துருவை மாற்றுவதா, அளவைக் கூட்டுவதா?

பதில் 1
அறுவது இணைப்பில்தான் என்பதற்குக் காரணம் உண்டு. இந்த எழுத்துகள் கூர்முனைப் பேனா வழி வந்தவை. கீழே இழுக்கும்போது அழுத்துவதால் கோடு தடிக்கும். மேலே ஏறும்போது மயிரிழை. அடுத்த எழுத்தைத் தொடுவது அந்த மயிரிழை. சொரசொரப்பான காகிதமானால் அதன் பள்ளங்களில் ஃபாயில் படியாது, இழை முதலில் போகும்.

முதலில் 30 பாயிண்டாவது வையுங்கள். இவ்வகை எழுத்துருக்களில் சிற்றெழுத்தின் உயரம் மிகக் குறைவு. 22 என்பது பெயரளவுக்குத்தான். பிறகு மிக மெல்லிய இடத்தை அளந்து பாருங்கள். ஃபாயிலுக்கு அரை பாயிண்ட் இருந்தால் நிம்மதி. 0.3தான் இருக்கிறது என்றால் அதே நிறத்தில் 0.2 பாயிண்ட் அவுட்லைன் (எழுத்தின் விளிம்புக் கோடு) கொடுங்கள், ஒவ்வொரு பக்கமும் 0.1 கூடும், கண் அடைக்காது. கோரல் டிரா வடிவமைப்பு மென்பொருளில் 'ஹேர்லைன்' என்று வரும் அவுட்லைனை மட்டும் நம்பாதீர்கள், தடிமனை எண்ணாகவே கொடுங்கள்.

பதில் 2
கோரலில் அவுட்லைன் கொடுத்தபின் 'ஸ்கேல் வித் ஆப்ஜெக்ட்' டிக் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் பெயரைச் சிறிதாக்கும்போது அவுட்லைன் அப்படியே நின்று எழுத்து உப்பிவிடும்.

பிளாக் (ஃபாயிலை அழுத்தும் அச்சுக்கட்டை) எடுக்க அனுப்பும் முன் எழுத்தைக் கர்வ்ஸ் (வெறும் வடிவம்) ஆக்கி, அவுட்லைனையும் ஆப்ஜெக்டாக மாற்றி, எல்லாவற்றையும் வெல்டு செய்யுங்கள், அதாவது ஒரே வடிவமாக இணையுங்கள். ஸ்கிரிப்டில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். வெல்டு செய்யாமல் கம்பைன் செய்தால் அந்த இடம் ஓட்டையாகிவிடும். கடுகளவு வெள்ளைப்புள்ளி, திரையில் கண்ணுக்கே படாது.

கேள்வி கேட்டவர்
உண்மையாகவே தடித்த வகை உள்ள ஸ்கிரிப்ட் இருக்கிறதா?

பதில் 1
ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட். சார்லஸ் ஸ்னெல் என்ற ஆங்கிலேய எழுத்தாசிரியரின் கையெழுத்தை வைத்து மாத்யூ கார்ட்டர் 1960களில் வரைந்தது. ஈய எழுத்தின் கட்டைக்குள் அடங்காத இந்தத் தொடர்ச்சியை ஃபோட்டோ அச்சுக்கோப்பு (ஈயத்துக்குப் பதில் ஒளியால் எழுத்தைப் பதிக்கும் முறை) எளிதாக்கியது. போல்டு, அதைவிடத் தடித்த 'பிளாக்' (Black) இரண்டும் உண்டு, மேக் கணினியில் கூடவே வரும். உங்கள் வேலைக்கு அதன் போல்டு போதும். பிக்கம் ஸ்கிரிப்ட் என்ற எழுத்துருவிலும் செமிபோல்டு, போல்டு இருக்கின்றன. சொல்லின் முதலிலும் முடிவிலும் வைக்க வால் நீண்ட மாற்றெழுத்துகளும் ஏராளம். பெயருக்கு ஒரு வால் போதும்.

பதில் 3
எழுத்து இடைவெளி பூஜ்யமாகவே இருக்கட்டும். கொஞ்சம் தள்ளினாலும் இணைப்பு விட்டுவிடும். இனிஷியல், பட்டம் எல்லாம் ரோமனில் (சாதாரண நேர் ஆங்கில எழுத்தில்) போடுங்கள். ஸ்கிரிப்டின் பெரிய எழுத்துகள் அடுத்தடுத்து நின்றால் படிக்கவே முடியாது. கீழே வரும் தமிழ் வரியை இதற்குப் பொருத்தமாகச் சாய்க்க வேண்டாம். க, ச, ட எல்லாம் நேர்கோட்டில் நிற்பவை, சாய்த்தால் விழுவதுபோல் இருக்கும். மெல்லிய நேர் எழுத்துருவே ஸ்கிரிப்டோடு நன்றாகச் சேரும்.