ஹால்ல பண்ண ப்ளே ஏரியா, செவுரு பொரிஞ்சு வருது – அவசரம், யாராச்சும் சொல்லுங்க

நிலா_அம்மா (செவ்வாய் இரவு)
வணக்கம், நாங்க கடலூர். ஹால்ல ஒரு மூலையை பாப்பாவுக்கு ப்ளே ஏரியாவா மாத்தினோம், செவுத்துல மலையும் மேகமும் போட்ட வால்பேப்பர், கீழ பீஜ் கலர் ஃபோம் மேட், ஒயிட் ஷெல்ஃப், குட்டி டென்ட்னு போட்டோல பார்க்கற மாதிரியே அழகா வந்துச்சு. இப்ப பேப்பர் அடிப்பக்கத்துலேர்ந்து கொப்புளம் கொப்புளமா எழும்புது, ஓரத்துல லேசா பிய்ச்சா வெள்ளையா மாவு மாதிரி கொட்டுது. மேட்டை தூக்கினா அடியில கருப்பு புள்ளி, வாடை வேற. ஞாயித்துக்கெழமை பொறந்தநாள், சொந்தக்காரங்க எல்லாம் வர்றாங்க. வேற பேப்பர் ஒட்டலாமா இல்ல மேலயே பெயின்ட் அடிச்சிடலாமா, எந்த கம்பெனி நல்லது? சீக்கிரம் ப்ளீஸ்

கெடிலக்கரை
தரைத்தளமா மாடியா? வெளிச்செவுரா உள்செவுரா? சொந்த வீடா வாடகையா? பாப்பாவுக்கு என்ன வயசு? ஒண்ணுமே சொல்லாம கம்பெனி பேரு கேட்டா நாங்க என்னத்தை சொல்றது

கூலிங்_மாஸ்டர்
ஹால்ல ஏசி இருக்கா மேடம்? 18ல வெச்சு ஓட்டுறீங்களா? நம்ம ஊர் காத்துல எப்பவும் ஈரம், சில்லுனு ஆன செவுத்துல அது வேர்த்து நிக்கும், பேப்பர் எழும்பத்தான் செய்யும். ஏசியை 26ல வைங்க.

முத்தியால்பேட்டை_தம்பி
ஏசியால எல்லாம் இல்ல ப்ரோ, பசைதான் காரணம். ஆன்லைன்ல வர்ற பேப்பர்ல பின்னாடியே ஸ்டிக்கர் மாதிரி வருது, அது நம்ம வெயிலுக்கு தாங்காது. பாண்டியில கடையில ரோலா வாங்கி, ஆளை வெச்சு பசை தடவி ஒட்டினா நிக்கும். எங்க அண்ணன் வீட்டுல இன்னும் அப்படியே இருக்கு.

கெடிலக்கரை
பசை போச்சுன்னா பேப்பர் கழண்டு வரும், மாவு எங்கேர்ந்து கொட்டும்?

பழைய_ஓவர்சியர்
இதே கேள்வி இங்க எத்தனையோ தடவை வந்தாச்சு. தேடிப் படிக்கிற பழக்கம் யாருக்கும் இல்ல, கேட்டா உடனே கிடைக்கும்னு ஒரு நெனப்பு. சரி, இருக்கட்டும். அம்மா, அது மாவு இல்ல, உப்பு. செவுத்துல ஓதம் ஏறியிருக்கு. தரையில இருக்கற ஈரம் செங்கல் வழியா உப்பையும் இழுத்துக்கிட்டு மேல வரும், தண்ணி காய்ஞ்சதும் உப்பு பூச்சுக்குள்ள படிகமா நின்னு பூச்சையே வெளிய தள்ளும். அதுக்கு மேல பிளாஸ்டிக் மாதிரி பேப்பர் ஒட்டிட்டா ஈரம் வெளியேற வழி ஏது? வேற பேப்பர் ஒட்டினாலும் பெயின்ட் அடிச்சாலும் அடுத்த மழைக்கு இதே கதைதான்.
ஒரு சோதனை பண்ணுங்க. பேப்பரை உரிச்ச இடத்துல 2 அடிக்கு 2 அடி பாலிதீன் தாளை நாலு ஓரமும் டேப் போட்டு காத்து போகாம ஒட்டி, 2 நாள் விடுங்க. தாளுக்கு உள்பக்கம் முத்து முத்தா தண்ணி நின்னா ஈரம் செவுத்துலேர்ந்து வருது, வெளிப்பக்கம் நின்னா காத்துலேர்ந்து வருது. ஏசி சண்டை அதோட முடிஞ்சிடும்.

வில்லியனூர்_செல்வி
அக்கா மொதல்ல அந்த மேட்டை தூக்கி வெளிய போடுங்க. கருப்பா இருக்கறது பூஞ்சை. பாப்பா அதுலதான உருண்டு பொரளும், இழுப்பு கிழுப்பு வந்துட்டா கஷ்டம். மேட்டுக்கு பதிலா ஒரு பவானி ஜமுக்காளம் விரிங்க, கோடு கோடா கலரா அழகா இருக்கும், வாரத்துக்கு ஒரு தடவை மாடியில வெயில்ல போட்டு எடுத்துக்கலாம்.

ஓ_டி_பையன்
ஆமாங்க, எதுக்கு இந்த பீஜும் ஒயிட்டும்? கொழந்தை வெளையாடற எடம் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கு. நாங்கல்லாம் திண்ணையில வெளையாண்டோம், எந்த தீமும் இல்ல.

முத்தியால்பேட்டை_தம்பி
அது மான்டெசரி ஸ்டைல் ப்ரோ, கொழந்தை தானா செஞ்சு பார்த்து கத்துக்கற முறை. கலர் கம்மியா இருந்தா கவனம் சிதறாது.

ஓ_டி_பையன்
மான்டெசரின்னு பேரு வெச்சா சாதா ஷெல்ஃபும் ரெண்டு மடங்கு வெலை. எல்லாம் வெளிநாட்டுக்காரன் பொழப்பு.

பழைய_ஓவர்சியர்
தெரியாததை பேசக்கூடாது தம்பி. மரியா மான்டெசரி 1939ல மெட்ராஸ் அடையாறுக்கே வந்து பாடம் நடத்தினவங்க, நடுவுல உலகப்போர் வந்ததுல சில வருஷம் இங்கயே இருந்தாங்க. அவங்க சொன்னது அலமாரி கொழந்தை கைக்கு எட்டணும், சாமான் அதது எடத்துல இருக்கணும்னு. பீஜ் அடின்னு அவங்க சொல்லல.

ஓ_டி_பையன்
அப்ப நான் சொன்னதுதான சார் சரி, பீஜ் வேணாம்னு??

கூலிங்_மாஸ்டர்
ஏசி எத்தனைல ஓடுதுன்னு இன்னும் சொல்லலியே மேடம்

நிலா_அம்மா (புதன் காலை)
சாரி, பாப்பா தூங்கவே விடல. தரைத்தளம், மாமனார் கட்டின சொந்த வீடு, மஞ்சக்குப்பம். பாப்பாவுக்கு மூணு முடியப்போகுது. உள்செவுருதான், அந்தாண்ட பாத்ரூம். ஏசி பெட்ரூம்ல மட்டும்.

கெடிலக்கரை
பாத்ரூமா!! அதை நேத்தே சொல்லியிருந்தா பாதி பேரு தூங்கப் போயிருப்போம்
ஃபெஞ்சல் புயல் அப்ப தென்பெண்ணை ஆத்துல வெள்ளம் வந்துதே, வீட்டுக்குள்ள ஏறுச்சா? ஏறியிருந்தா அந்த உப்பும் செவுத்துல தங்கியிருக்கும்

நிலா_அம்மா
இல்லைங்க, தெருவோட நின்னுடுச்சு

பழைய_ஓவர்சியர்
அப்ப நான் சொன்ன ஓதம் பாத்ரூம்லேர்ந்து வருது.

கெடிலக்கரை
நேத்து தரையிலேர்ந்து ஏறுதுன்னீங்களே சார் 😄

பழைய_ஓவர்சியர்
ஈரம் ஈரம்தான். குளிக்கற எடத்துல டைல்ஸ் ஜாயின்ட் விட்டிருக்கான்னு பாருங்க, செவுத்தோரம், குழாய் வர்ற ஓட்டையைச் சுத்தி. ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிட்டு டேங்க் மட்டத்துல ஒரு கோடு போடுங்க, காலையில கோட்டுக்கு கீழ போயிருந்தா உள்ள பைப்பு கசியுது. ஜாயின்ட்தான்னா பழைய சிமென்ட்டை சுரண்டிட்டு எபாக்ஸி, அதான் தண்ணி புகாத பசைக் கலவை, போட்டா போதும். ஹால் பக்கம் உப்பை காஞ்ச பிரஷ்ல தட்டி கூட்டி எடுங்க, தண்ணி விட்டு கழுவாதீங்க, உப்பு கரைஞ்சு திரும்ப உள்ள போயிடும். செவுரு நல்லா காய்றதுக்குள்ள அதுல பட்டி பார்க்காதீங்க, பெயின்ட்டும் வேணாம்.

நிலா_அம்மா
ஞாயித்துக்கெழமைக்குள்ள காயுமா?

பழைய_ஓவர்சியர்
காயாது.

ரெட்டியார்பாளையம்_தச்சர்
மேடம், செவுரை அப்புறம் பார்த்துக்கலாம், எடத்தை மாத்திடுங்க. ஹால்ல ஜன்னல் பக்கம் என்ன இருக்கு? சோஃபாவா இருந்தா அதை இந்த ஈர மூலைக்கு கொஞ்சம் தள்ளி போட்டுட்டு ஜன்னல் பக்கத்தை பாப்பாவுக்கு குடுங்க, வெளிச்சம் இருக்கற எடத்துலதான் கொழந்தை ஒக்காரும். ஜன்னலுக்கு நேர் கீழ மட்டும் ஷெல்ஃப் வேணாம், அது மேல ஏறி கிரில்லை புடிக்கும்.
பேப்பர்ல மிச்சம் ரோல் இருக்கா? 4 அடிக்கு 3 அடி ப்ளைவுட்ல அந்த மலையை ஒட்டி, சுத்தி மெல்லிசா தேக்கு பீடிங் அடிச்சு, காஞ்ச செவுத்துல ஸ்க்ரூ போட்டு மாட்டுங்க. பார்க்க ஃப்ரேம் போட்ட படம் மாதிரி இருக்கும், பாப்பா வளந்தா கழட்டிட்டு வேற ஒட்டிக்கலாம். நான் செஞ்சு குடுத்த வீடுகள்ல செவுரு முழுக்க பேப்பர் ஒட்டினதை விட இதுதான் எடுப்பா இருக்கு.
அந்த ஒயிட் ஷெல்ஃப் எம்.டி.எஃப்பா, அதான் மரநாரை அழுத்தி செய்யற பலகையா? கால் கிட்ட தடவிப் பாருங்க, ஈரம் குடிச்சிருந்தா ஓரம் உப்பி பிஸ்கட் மாதிரி ஆயிருக்கும். அடுத்து செய்யறப்ப ஐ.எஸ்.ஐ முத்திரையோட ஐ.எஸ் 710னு போட்டிருக்கற, ஈரம் தாங்கற ப்ளைவுட் கேளுங்க. உயரம் ரெண்டு, ரெண்டேகால் அடிக்கு மேல வேணாம், முனையெல்லாம் ரவுண்டா இழைக்கச் சொல்லுங்க. எல் ஆங்கிள் வெச்சு செவுத்தோட முடுக்கிடணும், மூணு வயசுப் புள்ள தட்டை படிக்கட்டா நெனச்சு ஏறும், அலமாரி அப்படியே மேல சாயும். ஈர செவுத்துல மட்டும் முடுக்காதீங்க, ப்ளக்கோட கையில வந்துடும். பெயின்ட்ல ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்துல 90 பங்கு) மேல இருக்கக் கூடாதுன்னு ரூலே இருக்கு, டப்பா மேல போட்டிருக்கும், பார்த்து வாங்குங்க.

வில்லியனூர்_செல்வி
இன்னொண்ணு அக்கா, எல்லா பொம்மையையும் வெளிய வெக்காதீங்க. ஆறேழு மட்டும் தட்டுல, மிச்சத்தை பிரம்புக் கூடையில போட்டு மேல ஏத்திடுங்க, வாரம் ஒரு தடவை மாத்துங்க. பார்க்கவும் நீட்டா இருக்கும், பாப்பாவும் புதுசு வந்த மாதிரி குதிக்கும். பிளக் பாயின்ட்டுக்கு மூடி போட மறக்காதீங்க.

ஓ_டி_பையன்
ஒரு ஊஞ்சல் மாட்டிடுங்க, வேற எதுவுமே வேணாம்

ரெட்டியார்பாளையம்_தச்சர்
ஊஞ்சலுக்கு கான்கிரீட் போடறப்பவே கம்பியில கொக்கி வெச்சிருக்கணும் தம்பி. அப்புறமா ட்ரில் போட்டு மாட்டினதை நம்பி புள்ளையை ஒக்கார வெக்கறதா?

ஓ_டி_பையன்
எங்க வீட்டுல மாட்டியிருக்கோம், ஒண்ணும் ஆகல

பழைய_ஓவர்சியர்
ஆகற வரைக்கும் ஒண்ணும் ஆகாதுதான்.

(இதுக்கு நடுவுல ஊஞ்சல் பத்தி இன்னும் 14 பதில்)

நிலா_அம்மா (சனி மதியம்)
தாளுக்கு உள்பக்கம்தான் தண்ணி நிக்குது. டேங்க் கோடு அப்படியே இருக்கு. ஷவருக்கு கீழ ரெண்டு டைல்ஸ் ஜாயின்ட் காலி, பிளம்பர் திங்கக்கெழமை வர்றாரு. சோஃபாவை மாத்தியாச்சு, போர்டு ரெடி, மேட் போயே போச்சு. எல்லாருக்கும் தேங்க்ஸ், கேக் வாங்கப் போறேன்

கூலிங்_மாஸ்டர்
பெட்ரூம் ஏசியாச்சும் 26ல வைங்க மேடம்

கெடிலக்கரை
பாப்பாவுக்கு வாழ்த்துகள். போர்டு போட்டோ போடுங்க

திருப்பாப்புலியூர்_வாசி
எங்க வீட்டுலயும் இதே ப்ராப்ளம்தான், ஆனா சீலிங்ல. பையன் கட்டில் மேலயே சில்லு சில்லா உதிருது. இங்கயே கேட்கலாமா?

பழைய_ஓவர்சியர்
தனி இழை போடுங்க. எத்தனாவது மாடி, மேல மொட்டை மாடியா இல்ல இன்னொரு வீடா, அதை மொதல் வரியிலயே எழுதிட்டு போடுங்க.