படகுக் கழிப்பறை டேங்க் நாற்றம்: டேங்கையே மாற்ற வேண்டுமா?

கேள்வி – கிராண்ட் பே
வணக்கம். 12 மீட்டர் கேட்டமரான் (இரட்டை உடல் படகு), மொரீஷியஸின் குவான் த மீர் தீவுப் பக்கம் பகல் பயணம். 80 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க், கடல்நீர் ஃப்ளஷ், வென்ட் ஹோஸ் (டேங்குக்குக் காற்று போய்வரும் குழாய்) 16 மி.மீ. இரண்டு நாள் சும்மா நின்றாலே முதல் பம்பில் அழுகிய முட்டை நாற்றம். மதியத்துக்குள் உள்ளே நிற்க முடிவதில்லை. டேங்குக்கான நீலக் கெமிக்கலை இரு மடங்கு ஊற்றியும் பயனில்லை.

பதில் – த்ரூ ஓ பிஷ்
டேங்கை மாற்ற வேண்டாம் அண்ணா. இங்கே இரண்டு கோளாறு இருக்கிறது.

முதல் பம்பில் வருவது டேங்க் நாற்றமே இல்லை. உள்ளே வரும் குழாயில் தேங்கிய கடல்நீரில் நுண்ணுயிர்கள் செத்து அழுகுகின்றன. நீரிலுள்ள சல்ஃபேட்டைப் பாக்டீரியா ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றுகிறது. கழிப்பறைக் கிண்ணத்தில் நல்ல தண்ணீர் ஊற்றினால் அது வெளிக்குழாயைத்தான் கழுவும். கடல்நீர் வால்வை மூடி, அதிலிருந்து ஹோஸைக் கழற்றி, நல்ல தண்ணீர் வாளியில் நுனியை முக்கி, கிண்ணத்தில் நல்ல தண்ணீர் வரும்வரை பம்ப் செய்யுங்கள். படகைக் கட்டிவிட்டுப் போகும் ஒவ்வொரு முறையும் இது வேண்டும். குடிநீர்க் குழாயோடு நேரடியாக இணைக்கவே கூடாது, கழிவு பின்வாங்கிக் குடிநீரில் கலக்கும்.

மதிய நாற்றத்துக்குக் காரணம் வென்ட். 16 மி.மீ. போதாது. காற்று புகாவிட்டால் காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாதான் பெருகும். 25 மி.மீ. போடுங்கள், ஹோஸ் எங்கும் தொய்யக்கூடாது. தொய்ந்த இடத்தில் நீர் தேங்கி அடைக்கும். வெளிவாயில் குளவிக்கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள். நீலக் கெமிக்கலில் ஃபார்மால்டிஹைடு இருந்தால் நல்ல பாக்டீரியாவும் செத்துவிடும். நைட்ரேட் வகைக்கு மாறுங்கள்.

பதில் – ரிவியேர் நுவார்
ஹோஸையும் சோதியுங்கள். வெந்நீரில் நனைத்த துணியைப் பிழிந்து சுற்றி, ஆறியதும் முகர்ந்து பாருங்கள். துணியில் நாற்றம் ஏறியிருந்தால் ஹோஸ் ஊறிப்போய்விட்டது. எதை ஊற்றினாலும் தீராது, கழிவுநீருக்கென்றே செய்த ஹோஸ் வாங்கி மாற்ற வேண்டும். ஒவ்வொரு முனையிலும் இரண்டு கிளிப்.

சிறுநீரும் கடல்நீரும் சேர்ந்தால் உள்ளே சுண்ணாம்பு படியும். வாரம் ஒருமுறை ஒரு கப் வினிகரை மெதுவாக பம்ப் செய்து, அரைமணி விட்டு அலசுங்கள். ஜோக்கர் வால்வின் (கழிவு திரும்பாமல் தடுக்கும் ரப்பர் வால்வு) வாய் இறுக மூடவில்லையென்றால் கழிவு கிண்ணத்துக்குத் திரும்பும், ஆண்டுக்கொருமுறை மாற்றிவிடுங்கள். பிளீச் ரப்பரைக் கெடுக்கும். வினிகரோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும். இரண்டும் ஒருபோதும் சேரக்கூடாது.

கேள்வி – கிராண்ட் பே
நன்றி. டேங்கில் வென்ட் பொருத்தும் இடமே 16 மி.மீ. ஹோஸை மட்டும் பெரிதாக்கினால் போதுமா?

பதில் – த்ரூ ஓ பிஷ்
போதாது. அந்த ஃபிட்டிங்தான் முடிச்சு. டேங்க் காலியாக, அலசியபின், மேற்பரப்பில் துளையிட்டு 25 மி.மீ. ஃபிட்டிங் போடுங்கள். ஹேட்சை (மேல்தளத் திறப்பு) திறந்து, வெளியே ஒருவரை நிறுத்தி வேலை செய்யுங்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமானால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாது.

காலி செய்வதைக் கரையிலேயே பம்ப் லாரியில் செய்யுங்கள். மார்போல் (கப்பல் மாசு தடுப்புக்கான சர்வதேச ஒப்பந்தம்) நான்காம் இணைப்பு பெரிய கப்பல்களுக்கே சுத்திகரிக்காத கழிவுக்குக் கரையிலிருந்து 12 கடல்மைல் கேட்கிறது. குவான் த மீர் அதற்குப் பக்கத்தில்கூட வராது, லகூனில் பவளம் இருக்கிறது.